திருப்பி மாட்டிய ஏ.சி.

செபஸ்தியான் போய்விட்டார் என்று நோர்வூட்டிலிருந்து அவருடைய மகள் போனில் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது; அழுகை பிறகு வந்தது. தப்பாக நினைக்காதீர்கள். அவரை அறிந்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கொழும்பு ஹோட்டலில் ஏ.சி. பழுதுபார்த்த மனுஷன், எண்பதுகளின் தொடக்கத்தில் நுவரெலியா மலையில் உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு எலெக்ட்ரீஷியனாக வந்தார். “இங்க ஊருக்கே ஆண்டவன் ஏ.சி. போட்டு வச்சிருக்கானே, உங்களுக்கு என்னங்க வேலை?” என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கக் கேலி. நானும்தான் கேட்டேன்.

நான் அப்போது தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி. தை மாதக் குளிரில் பிறக்கிற பிள்ளை என் கையிலேயே நீலம் பாரிக்கும். முந்தின தையில் இரண்டைப் பறிகொடுத்தோம். கேட்டு வாங்கிய பெரிய ஹீட்டரையோ போட்ட உடனே பியூஸ் போய்விடும். பழைய வயர் தாங்காது. செபஸ்தியானைப் பிடித்துக் கத்தினேன். அவர் டேப்பை எடுத்து அறையை நீளம், அகலம், உயரம் அளந்தார். ஜன்னல் இடுக்கில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிரசவ நேரத்தில் எத்தனை பேர் நிற்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் ஹோட்டலில் கழித்துப்போட்ட ஜன்னல் ஏ.சி. ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

“குளிர்ல சாகுற பிள்ளைக்கு ஏ.சி.யா? உங்களுக்கு மூளை கீளை இருக்கா?”

“கொஞ்சம் பொறுங்க நர்ஸம்மா” என்று அதிலிருந்த தகட்டைத் துடைத்துக் காட்டினார். “எவ்வளவு சூட்டைத் தூக்குது, எவ்வளவு கரண்ட் தின்னுது, ரெண்டும் இதுல இருக்கு. வகுத்துப் பாருங்க. ஹீட்டர் தின்ன அளவுக்குத்தான் சூடு தரும். இது ஒரு பங்கு தின்னுட்டு ரெண்டு பங்குக்கு மேல சூட்டை எடுத்துப் பின்னால தள்ளும்.”

சொல்லிவிட்டு, பின்பக்கம் அறைக்குள் இருக்கும்படி அதைத் திருப்பி மாட்டினார். பார்க்க வந்த டாக்டர் ஐயா, “மாத்தி மாட்டிட்டீங்களே!” என்று பதறினார். சுவிட்சைப் போட்டதும் வெதுவெதுவென்று காற்று வந்தது. பியூஸ் போகவில்லை. வெளியே அதன் முகத்தில் பனிக்கட்டி பிடிக்கும், அவ்வப்போது நிறுத்தி உருக விட வேண்டும். அதற்கும் நேரம் எழுதிக் கொடுத்தார். டாக்டர் ஐயாவுக்கு ஆசை வந்து, இன்னும் பெரியது கிடைக்குமா என்றார். “வேணாங்க. சின்ன ரூமுக்குப் பெரிய மெஷின், கைக்குழந்தைக்கு அப்பன் சட்டை மாதிரி.”

அந்தத் தையில் ஏழு பிரசவம். ஏழு பிள்ளைகளும் வீறிட்டு அழுதுகொண்டு லயத்துக்குப் போனார்கள்.

போன வாரம் மகனுடைய படுக்கையறைக்கு ஏ.சி. வாங்கக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனோம். விற்கிறவர் பெரிய மெஷினையே தலையில் கட்டப் பார்த்தார். நான் அறையின் அளவைச் சொல்லி, தகட்டைப் பார்த்து வகுத்து, சின்னதாக ஒன்றைக் காட்டினேன்.

“இதெல்லாம் எங்க படிச்சீங்கம்மா?”

“நுவரெலியாப் பக்கம், பிரசவ அறையில” என்றேன். அவர் நம்பவில்லை. போகட்டும். செபஸ்தியான் எனக்கு விட்டுப்போனது அந்த வகுத்தல் கணக்கும் அந்த ஏழு பிள்ளைகளும். ஏழு பெயரையும் இன்றைக்கும் தவறாமல் சொல்வேன்.