மாமாவுக்கு முன்னால் நின்ற எலிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் என் வேலை எலிகளோடுதான். நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள்; அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான். பெரியவர்கள் யோசிப்பார்கள். கட்டி வந்த எலிகளை நான் எடை போடுவேன், கூண்டில் மரத்தூள் மாற்றுவேன், கடி வாங்குவேன். ஆனால் வெள்ளைக் கோட்டோடு ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுத் தொலைத்தேன். அன்று முதல் எங்கள் ஊர் தோணிரேவில் நான் கேன்சர் டாக்டர்.

அந்தப் படத்தின் பலன் என் தாய்மாமன் வழியாக வந்து சேர்ந்தது. அவருக்கு நுரையீரலில் கட்டி. சென்னை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற நாள் குறித்தாயிற்று. அத்தை போனில் அழுதாள்.

"உங்க மாமன் வரமாட்டேங்குது. மருமவன் மருந்து கொண்டாருவான்னு குந்திக்கினு கீது."

ஓடினேன். மாமா ஏரிக்கரையில், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை. காலடியில் ஒரு வாளி நண்டு. எனக்கான லஞ்சம்.

"எடு மாப்ள."

"இன்னாத்த மாமா?"

"மருந்தத்தான். பையில கீதுல்ல?"

பையில் என் சோத்து டப்பாதான் இருந்தது.

"நான் டாக்டரே இல்ல மாமா. எலிக்கு மரத்தூள் போடுறவன்."

"பாத்தியாடி, எம்மாம் அடக்கம்!" என்றார் அத்தையிடம்.

"அந்த மருந்து மனுசனுக்கு ஒத்துக்குமான்னே தெரியாது. சில எலிக்குக் கட்டி சுருங்கிச்சு. சிலது செத்தே பூட்ச்சு."

"அப்ப என்னையும் ஒரு எலின்னு எழுதிக்க."

"உன் மீசையப் பாத்தா எந்த எலியும் நம்பாது மாமா."

அத்தை சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. "எலிக்குக் குடுப்ப, சொந்த மாமனுக்குக் குடுக்கமாட்ட?"

செல், அளவு, நச்சு என்று வகுப்பெடுத்தேன். நடுவில் ஒரு நண்டு வாளியைவிட்டு ஏறி வந்தது. மாமா அதைத்தான் கவனித்தார். நானும் அதைத்தான் கவனித்திருப்பேன்.

எதிரே ஏரியில் யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பாடு என்பார்கள் அதை. அடுத்தவர் பாடு நாளில் வலை போட்ட சொந்தத் தம்பியையே ஊர் நடுவில் நிற்கவைத்தவர் மாமா.

"மீன் துள்ளுது. நீ ஏன் இன்னிக்கு வலை போடல?"

"நம்ம பாடு நாளைக்குடா."

"உன் தம்பி அன்னிக்குப் போட்டாரே?"

"தம்பியா இருந்தா இன்னா? முறைன்னா முறைதான்!" எகிறியவர் பாதியில் நின்றார்.

"அந்த மருந்துல இப்ப எலிங்க பாடு, மாமா. உன் பாடு ஆஸ்பத்திரியில வந்துகீது. அத உட்டுட்டு எலிங்க எடத்துல வலை போட வர்றியே."

மாமா அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லுங்கியைத் தட்டி எழுந்தார்.

"பஸ் எத்தினி மணிக்குடா?"

நண்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டினார்.

"நம்ம மருமவன். இவன் கைல புது மருந்து ஒண்ணு கீது. ஆனா முன்னால எலிங்க நிக்குது. தாண்டிப் போவக்கூடாது."

கட்டில்காரர் மரியாதையாக என்னைக் கும்பிட்டு, "டாக்டருங்களா?" என்றார்.

நான் கோட்டில்லாத சட்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"அட, இல்ல சார். மரத்தூள் போடுறவன்."