ஆற்று மணலில் பழகிய முடிச்சு

நூல் அறுந்தால் இரு நுனியையும் விரலிடுக்கில் பிடித்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட வேண்டும். தடவினால் முடிச்சு தட்டுப்படக் கூடாது. மதுரையில் ஒரு நூற்பாலையில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டிய எனக்கு அந்த முடிச்சுதான் சோறு போட்டது. எனக்கு முப்பது வயது தாண்டிய சமயத்தில் ஒருநாள், ஆள் குறைப்பு என்று சொல்லி, அங்கே வேலை பார்த்த பெண்களில் எங்கள் ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இருமலோடு படுத்த படுக்கையாகக் கிடந்தார்; பிள்ளைகள் இரண்டு. நான் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

சிம்மக்கல் மண்டிகளில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே ஐவரும் மில் வேலை தேடினோம். சாயங்காலம் வைகை மணலில் கூடி, யார் காதில் என்ன சேதி விழுந்தாலும் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒருத்தியான உசிலம்பட்டி அக்கா செய்த ஏற்பாடு அது. என்னைவிட இரண்டே வயது மூத்தவள்; வாய் மட்டும் இருபது வயது மூத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புது மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மூச்சுவிடாமல் தனியே போய் நின்றேன். மேஸ்திரி நூலை நீட்டி முடிச்சுப் போடச் சொன்னார். ஆறு மாதம் மிளகாயில் கிடந்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. அவர் லேசாக இழுத்ததுமே முடிச்சு அவிழ்ந்தது. "கை பழகிட்டு வா தாயி" என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் கக்கிவிட்டு அழுதேன். மானம் போயிற்று! நாலு பேரும் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அடி கள்ளி, ஒத்தையில போனியாக்கும்? அம்புட்டுப் பேரும் போயிருந்தா அம்புட்டுப் பேருமில்ல தோத்து வந்திருப்போம்! என்ன கேக்குறாகன்னு பாத்துட்டு வந்தியே, அதுவரைக்கும் நல்லது."

சொன்ன கையோடு தன் முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவினாள். அவளுக்கு இருந்ததே இரண்டு சேலை. அன்று முதல் தினமும் மணலில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டோம். ஒருத்தி போட்டதை இன்னொருத்தி இழுப்பாள். அவிழ்ந்தால் கேலி தாங்காது. முந்தானை ஒரு சாண் குறைவதற்குள் என் விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

ஐவருமாகப் போனோம். மேஸ்திரி என் முடிச்சை மூன்று தரம் இழுத்தார். நகத்தால் நெருடினார். முடிச்சு அசையவில்லை.

"நீ அன்னைக்கு வந்த புள்ளதான? இம்புட்டு நாளும் எந்த மில்லுல இருந்த?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆத்து மணல்ல இருந்தாண்ணே, எங்களோட."

அவர் சிரித்துவிட்டார். மற்ற நால்வரின் முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இன்று வேலைக்கு மனுப்போடும் என் பேத்தி, பக்கத்து வீட்டுத் தோழிக்குக்கூட அதைச் சொல்வதில்லை. அவளிடம் எங்களுக்கு வேலை கிடைத்த மறுநாள் காலையைத்தான் சொல்வேன். மில் சங்கு ஊதியதும் ஐந்து பேரும் கைகோத்துக் கேட்டுக்குள் நுழைந்தோம். ஒவ்வொருத்தியாக வரச்சொல்லி வாசல் காவல்காரர் அதட்டினார்.

நாங்கள் கையை விடவில்லை.