ஈ.பி.எஃப். மட்டும் வேண்டாம்

இரண்டு கிழமைக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எனக்கு வேலை கிடைத்தது. அறுபத்தொன்பது வயதில்!

விண்ணப்பம் போடவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில், உடுவிலில் என் வீட்டுக் கேற்றடியில், தலையில் தொப்பியும் கையில் ஒரு ரப்லட்டுமாக வந்து நின்ற பிள்ளைதான் அந்த வேலையைத் தந்தாள். நாட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் எடுக்கிற கணக்கெடுப்புக்கு வந்தவள். எங்கள் ஒழுங்கையில் சில வீடுகள் தெரிவாகியிருந்தன. அதில் என் வீடும் ஒன்று.

"ஐயா, போன கிழமை ஒரு மணித்தியாலமெண்டாலும் காசுக்கு ஏதும் வேலை செய்தனீங்களோ?"

"நான் பென்சன்காரன் பிள்ளை. கச்சேரியிலை அரசாங்கக் கிளாக்கரா முப்பத்துநாலு வருசம். இப்ப பேப்பருக்குக் கிழமைக்கு ஒருக்கா ஏதும் எழுதுறன், அவ்வளவுதான்."

"எழுதுறதுக்குக் காசு தருவினமோ?"

"தருவினம்... வெளியிலை சொல்லக்கூடிய காசில்லை."

"அப்ப நீங்கள் தொழில் செய்யிறவர் ஐயா."

தட்டினாள், முடிந்தது. இந்தப் பக்கத்தைக் கிறுக்குகிற ஒரே காரணத்தால் நான் நாட்டின் உழைப்பாளிகளில் ஒருவன் ஆகிவிட்டேன். வாசகர்களாகிய உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்தது என் மனைவி. காலை ஐந்து மணிக்கு எழும்பியவள் அந்த நேரத்தில்தான் மீன் வெட்டி முடித்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டு வேலை மட்டும் செய்கிறவர்கள் அந்தக் கணக்கில் தொழிற்படைக்கு வெளியே நிற்கிறவர்களாம். அதை அந்தப் பிள்ளை கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னாள்.

"அப்ப இவர் வேலை செய்யிறார், நான் சும்மா இருக்கிறன். வடிவா எழுதுங்கோ பிள்ளை, எழுதுங்கோ" என்றாள் மனைவி. அன்றைக்குப் பின்னேரம் தேத்தண்ணி எனக்குப் பிந்தித்தான் வந்தது.

இந்தப் பகிடியோடு இந்தக் கிழமைப் பத்தியை முடித்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை போகும்போது ஓர் உதவி கேட்டாள். பக்கத்து வீட்டில் எவ்வளவு கூப்பிட்டும் கேற்றைத் திறக்கிறார்கள் இல்லையாம். ஐயா ஒருக்கா வந்து சொல்லிவிட முடியுமா?

பக்கத்து வீட்டில் இரண்டே பேர்தான். செல்வமலர் என்ற தாய், கௌசல்யா என்ற மகள். தகப்பன் இறந்து கனகாலம். நான் போய்க் குரல் கொடுக்க, செல்வமலர் கேற்றுப் பூட்டின் திறப்போடு வந்தா. வந்தவ, அந்தப் பிள்ளையின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் கேற்றைப் பாதி திறந்தபடியே நின்றுவிட்டா.

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வேலை வெட்டிக்குப் போறேல்லைப் பிள்ளை. அப்பிடியே எழுதுங்கோ."

"மகள் இருக்கிறாவெண்டு ஐயா சொன்னவர்..."

"இருக்கிறா. படிச்சுப்போட்டு வீட்டிலைதான் இருக்கிறா. கம்பஸ் முடிச்சவ. கவுண்மேந்து வேலைக்குப் பதிஞ்சுபோட்டு இருக்கிறா. இப்ப கோயிலுக்குப் போட்டா."

சொல்லி வாய் மூடவில்லை... ஒழுங்கை முடக்கில் ஸ்கூட்டிச் சத்தம். கோயிலுக்குப் போனவ வந்துகொண்டிருந்தா. கடையின் பெயர் பொறித்த நீல நிற ரீசேர்ட், தோளில் சாப்பாட்டுப் பை. சனிக்கிழமை என்றபடியால் அரைநாள் வேலை.

செல்வமலர் நிலத்தைப் பார்த்தா. கணக்கெடுக்க வந்த பிள்ளை ரப்லட்டைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்கூட்டியைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். வெளியூர் வாசகர்களுக்கு அந்தத் தாய் ஏன் பொய் சொன்னா என்பது பிடிபடாது. உள்ளூர் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் அதே பொய்யைச் சொல்லியிருப்பீர்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால், சம்பளத்தில் ஒரு பங்கை வெட்டி, முதலாளியும் தன் பங்கைப் போட்டு, வயதான காலத்துக்கென்று மாதாமாதம் சேர்க்க வேண்டும். அதுதான் ஈ.பி.எஃப். நல்ல விஷயம்தானே? எல்லா ஊரிலும் வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் பட்டதாரிப் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் தெரியுமா? "ஈ.பி.எஃப். மட்டும் போட்டுவிடாதேங்கோ" என்று கேட்பார்கள்!

ஏனென்றால், வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு எப்போதாவது அரசாங்கம் நியமனம் கொடுக்கும். அப்போது பட்டியலை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். யாருடைய பெயரிலாவது ஈ.பி.எஃப். விழுந்திருந்தால்... நீ வேலை செய்கிறவள், உனக்கு எதற்கு நியமனம் என்று பெயரை வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டுப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே வேலையில்லாதவள் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நியமனக் கடிதம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், மாதமுடிவில் கையில் தந்தால் போதும். முதலாளிமார் என்ன, கசக்கிறது என்றா சொல்வார்கள்?

கௌசல்யா யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு மின்சாதனக் கடையில் எட்டு வருடமாக இப்படித்தான் வேலை செய்கிறாள். பில் போடுவது, கணினியில் ஸ்ரொக் ஏற்றுவது, கொழும்போடு கதைப்பது எல்லாம் அவள்தான். ஆனால் அந்தக் கடையின் எந்தக் கடதாசியிலும் அவள் இல்லை.

கேற்றடியில் முதலில் வாய் திறந்தவள் கௌசல்யாதான்.

"அம்மா, விடுங்கோ. கேளுங்கோ தங்கச்சி, நான் சொல்லுறன்."

"இந்த விபரம் ஒருத்தருக்கும் போகாது அக்கா. தனி ஆளின்ரை பேரோடை ஒண்டும் வெளியிலை வராது."

"ஈ.பி.எஃப். இருக்கோ எண்டு கேப்பியளோ?"

"கேப்பம் அக்கா."

"இல்லை. நியமனக் கடிதமும் இல்லை. லீவும் இல்லை."

கணக்கெடுக்க வந்த பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே மெதுவாகச் சொன்னாள்.

"நானும் பட்டதாரிதான் அக்கா. உந்த வேலையும் தற்காலிகம். முடிய நானும் வீட்டிலைதான்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. காரணம் இருக்கிறது. இதுவரை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்னர், பட்டம் முடித்த சூட்டோடு, கௌசல்யாவுக்கு ஒரு தனியார் வங்கியில் வேலை வந்தது. நிரந்தர வேலை. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் ஓடிவந்தது என்னிடம்தான். கச்சேரியில் இருந்த மனுசன், சட்டதிட்டம் தெரிந்தவர் என்று நம்பிக்கை. நான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். பெரிய மனுசத் தோரணையோடு சொன்னேன்:

"அவசரப்படாதை பிள்ளை. ஈ.பி.எஃப். விழுந்தால் பேர் வெட்டுப்படும். பட்டதாரி நியமனம் இந்தா வரப்போகுது. ஒரு வருசம் பொறு."

அவள் பொறுத்தாள். வங்கிக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். சும்மா இருக்கக்கூடாதே என்றுதான் அந்தக் கடைக்குப் போனாள்.

பிறகு என்ன நடந்தது? முதலாவது நியமனம் வந்தது. அவளுடைய பட்டத்துக்குரிய திகதி அவர்கள் கேட்ட திகதிக்குப் பிந்திவிட்டது. அடுத்த முறை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், போனாள். தேர்தல் வந்தது, நிறுத்தினார்கள். பிறகு நாட்டில் காசில்லை என்றார்கள். பிறகு பரீட்சை வைக்கப்போகிறோம் என்றார்கள். கலியாணப் பேச்சும் இதற்குள் இழுபட்டது. நியமனம் கிடைத்தால் நல்ல இடமாகப் பார்க்கலாம் என்று செல்வமலர் வந்த இரண்டு இடத்தைத் தள்ளிவைத்தா. ஒவ்வொரு முறையும் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "இவ்வளவு காலம் இருந்திட்டாய், இன்னும் கொஞ்சம் இரு."

சொல்வதில் எனக்கு என்ன செலவு? என் பென்சன் மாதம் பிறக்க வங்கிக்கு வந்துவிடுகிறது.

கணக்கெடுப்பு நடந்த அன்று இரவுச் செய்தியில், நாட்டில் வேலையில்லாதோர் வீதம் இறங்கியிருக்கிறது என்று ஒருவர் சந்தோசமாகச் சொன்னார். நான் அந்தப் பிள்ளையிடம் மத்தியானம் கேட்டறிந்ததை நினைத்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் உழைத்தவரும் வேலை செய்கிறவர். வேலை தேடித் தேடிக் களைத்து, தேடுவதையே விட்டவர் வேலையில்லாதவர் கணக்கிலும் இல்லை. வெளிநாட்டுக்குப் போனவர் ஒரு கணக்கிலும் இல்லை. வீதம் இறங்காமல் என்ன செய்யும்?

அந்தக் கணக்கெடுப்பு அறிக்கைகளைப் பிரித்து வாசித்தால் வேறு கதை. ஆண்களோடு பார்த்தால் பெண்கள் பாதியளவுதான் வேலையில் இருக்கிறார்கள். படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடம்தான் வேலையில்லாமை கூட. படித்த பெண்களிடம் அதிலும் கூட. வருடம் வருடமாக இதே வரிசைதான், ஆட்சிகள் மாறினாலும் அது மாறவில்லை. குருநகர்ப் பக்கம் ஒரு கம்பனிக்கு நண்டு துப்புரவு செய்யப் போகிற பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு ஈ.பி.எஃப். இருக்கிறது. ஒன்றுக்கும் காத்திருக்கச் சொல்லி அவளுக்கு ஒருவரும் புத்தி சொல்லவில்லை.

போன கிழமை, வியாழக்கிழமை, அறிவித்தல் வந்தது. எல்லோரும் பார்த்திருந்த அதே பட்டதாரி நியமனம். கௌசல்யா போனில் பார்த்ததோடு நிற்காமல் கடையிலேயே பிரின்ற் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். எட்டு வருடத்துக்கு முன் வந்து நின்ற அதே வேகம் இல்லை. விறாந்தைக் கதிரையில் இருந்து தாளை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, மூண்டாவது பந்தியை ஒருக்கா வாசியுங்கோ."

விண்ணப்ப முடிவுத் திகதியன்று முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராக இருத்தல் வேண்டும்.

"உனக்கு இப்ப..."

"முப்பத்தைஞ்சு முடிஞ்சு ரெண்டு மாசம்."

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"தளர்வு ஏதும் குடுப்பினமோ மாமா? உங்களுக்குத் தெரிஞ்சவை ஆரும் உள்ளுக்கை இருக்கினமோ?"

என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் பென்சனுக்குப் போய்விட்டார்கள். ஓரிருவர் போய்ச்சேர்ந்தும் விட்டார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் மனைவி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் உனக்குச் சொன்னது பிழை. அந்த பாங்க் வேலைக்கு உன்னைப் போ எண்டு சொல்லியிருக்க வேணும்."

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் மட்டுமே மாமா சொன்னனீங்கள்? எல்லாரும்தான் சொன்னவை." எழும்பிப் படியில் இறங்கியவள் நின்று திரும்பினாள். "அப்ப இனி நான் ஈ.பி.எஃப். போடச் சொல்லிக் கேக்கலாம்தானே? இனி வெட்டுப்பட ஒண்டும் இல்லையெல்லோ."

கேள் பிள்ளை, உடனே கேள், அது உன் உரிமை என்றேன். சட்டப்படி எட்டு வருடத்துக்கும் அவர்கள் கட்டியிருக்க வேண்டும் என்றேன். மீண்டும் கச்சேரிக்காரனாகிவிட்டேன் பாருங்கள்!

நேற்று ஒழுங்கையில் அவளைக் கண்டேன். வேலை நாள். காலை பத்து மணி. ஸ்கூட்டி இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தாள், கையில் பேக்கரியில் வாங்கிய பாண்.

"கடைக்குப் போகேல்லையோ?"

"இனி வரத் தேவையில்லையாம் மாமா."

"ஏன்? ஈ.பி.எஃப். கேட்டதாலையோ? எட்டு வருசம் வேலை செய்தனீ எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னனான். ஆதாரம் என்ன இருக்கு எண்டு முதலாளி கேட்டவர். நான் என்னத்தைக் காட்டுறது மாமா? நாங்களெல்லோ ஒண்டையும் எழுதவேண்டாம் எண்டு நிண்டனாங்கள்." பாணை மற்றக் கைக்கு மாற்றினாள். "என்ரை இடத்துக்குப் புதுசா ஒரு பிள்ளை வந்திட்டா. இந்த வருசம்தான் கம்பஸ் முடிச்சவ. கெட்டிக்காரி. மூண்டு நாள் இருந்து நான்தான் வேலை பழக்கிவிட்டனான்."

"அந்தப் பிள்ளைக்கெண்டாலும் ஈ.பி.எஃப். போடுகினமோ?"

"இல்லை மாமா. வந்த அண்டைக்கே அவவே முதலாளியிட்டைக் கேட்டவ. ஈ.பி.எஃப். மட்டும் வேண்டாமாம்."

கௌசல்யா போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து, வாசகர்களுக்குக் கடமைப்பட்டவன் என்ற முறையில், இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் புதுப் பிள்ளைக்கு யார் புத்தி சொல்லியிருப்பார்கள்? பக்கத்து வீட்டில் என்னைப்போல ஒரு பென்சன்காரன் இல்லாமலா போவான்!