வேதத்தில் இல்லாத நாள்

என் தம்பி கிறிஸ்மஸை விட்டபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பாலக்கரையில் எங்கள் வீட்டில் அப்போது ஐந்து பேர் இருந்தோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஏழு வயது மகள், பிறகு நான். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தம்பிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனது. மாதா கோயில்காரர்கள் வந்தார்கள். செபமாலை சொன்னார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அதில் ஓர் அம்மாள், "கவலப்படாதீங்க தம்பி, தேவதூதனா, சம்மனசா போயிட்டான்" என்று சொன்னபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவனோடு ஆபீசில் வேலை பார்த்த ஒருவர்தான் அவனை மன்னார்புரத்தில் ஒரு கடைக்கு மேலே மாடியில் கூடுகிற சின்ன ஜெபச் சபைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர்கள் தினமும் சாயங்காலம் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். பேச வைக்கவில்லை, தேற்றவில்லை, வெறுமனே கூட இருந்தார்கள். அந்த ஆறுதலை நாங்கள் யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கிறிஸ்மஸ் குடில் சாமான் இருக்கிற பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். தம்பி, "நான் தொட மாட்டேன்ப்பா" என்றான்.

"ஏன்டா, கை வலியா?"

"வேதத்துல இல்லாதத நான் செய்யறதில்ல. டிசம்பர் இருபத்தஞ்சு எங்க இருக்கு சொல்லுங்க. அதிகாரம் சொல்லுங்க, வசனம் சொல்லுங்க."

அப்பா இருபது வருஷத்துக்கு மேல் கோயிலில் வாசகம் வாசித்தவர். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"இல்லதான். தேதியும் இல்ல, கொண்டாடுங்கன்னும் இல்ல."

"அப்புறம் ஏன் கொண்டாடறீங்க?"

"பொறந்தாருன்னு இருக்குல்ல. எனக்கு அது போதும்."

"பொறந்த நாள் கொண்டாடுனவங்கன்னு வேதத்துல பார்வோன் வரான், ஏரோது வரான். ரெண்டு பேரு விருந்துலயும் ஒரு உசுரு போகுது. யோசிச்சுப் பாருங்கப்பா."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இந்த வருஷமும் உன் பொண்ணுக்குக் கேக் வெட்டுனியே, அது எந்த அதிகாரத்துல இருக்கு?" என்று கத்தினேன். அவன் மகள் சோற்றுத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தம்பி அவளைப் பார்த்துவிட்டு, "இனிமே வெட்ட மாட்டேன்" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பிறந்த நாள் கொண்டாடவில்லை.

அந்த வாரமே நான் எங்கள் பங்குக் கோயில் சாமியாரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். தம்பியின் வாயை அடைக்க ஒரு வசனம் வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

"டீச்சர், ஆட்டிடையர் ராத்திரி வயல்வெளியில இருந்தாங்கன்னு லூக்கா சொல்றாரு. என்ன மாசம்னு சொல்லல. ஆதித் திருச்சபையில இந்தத் திருநாளே கெடையாது, பின்னாடிதான் வந்துச்சு. உங்க தம்பி சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப அவன் சொல்றது சரியா ஃபாதர்?"

"ஒருத்தர் ஒரு நாள விசேஷமா நெனைப்பாரு, இன்னொருத்தருக்கு எல்லா நாளும் ஒண்ணுதான், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தீர்ப்பிட வேண்டாம்னு பவுல் எழுதியிருக்காரு. அது அவருக்கும்தான், உங்களுக்கும்தான்."

நான் ஆயுதம் கேட்கப் போனேன். அவர் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்பே தம்பி குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனான். காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு பிளாட். கிறிஸ்தவர்கள் அதிகம் இல்லாத தெரு என்றுதான் அதைப் பிடித்தான் என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். அடுத்த மார்கழியில் ஒரு நாள் காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அவர்களைப் பார்க்கப் போனேன். தெருவெல்லாம் கோலம், கோலத்து நடுவில் பூசணிப்பூ. எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது உனக்குத் தொந்தரவா இல்லையா?" என்று கேட்டேன்.

"அவங்க அறியாம செய்யறாங்கக்கா. நீங்க அறிஞ்சு செய்யறீங்க" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். நான் வாங்கிப் போயிருந்த பிளம் கேக்கைப் பிரிக்காமலே என் பையில் திருப்பி வைத்தாள் அவன் மனைவி. அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் அப்பாவுக்கு நுரையீரல் இறுகிப்போனது. பின்கட்டு அறையில் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும் போட்டோம். நான் நீண்ட விடுப்பு எடுத்தேன். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, துடைத்துவிடுவது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது எல்லாம் நான்தான். நவம்பர் வரைக்கும் தம்பி வாரம் ஒரு முறை வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துவிடுவான், ஒரு சங்கீதம் வாசிப்பான். அப்பா கண்ணை மூடிக் கேட்பார். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருந்துகொள்வேன்.

டிசம்பர் பிறந்ததும், எப்போதும் போல, மாடி கிரில்லில் பல்பு வைத்த கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைக் கட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வரவில்லை. போன் செய்தான்.

"ஸ்டார் கட்டிட்டியாக்கா?"

"கட்டியாச்சு."

"அத எடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லு, வரேன். அது இருக்கற வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்னு சபையில எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கேன்."

"அப்பா இருக்கற வீடுடா இது."

"தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஞாயிறும் அவன் வராதபோது என்னைக் கூப்பிட்டார். மூச்சு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போதாமல் இருந்த நேரம்.

"நட்சத்திரத்த... எறக்கிடும்மா. அவன் வரட்டும்."

"அம்மா காலத்துலேர்ந்து கட்டறதுப்பா."

"அம்மா... ஒண்ணும் சொல்ல மாட்டா. எறக்கிட்டு... அவனுக்குப் போன் போடு."

சரி என்று சொல்லி முன்கட்டுக்கு வந்தேன். மாடிக்கு ஏறினேன். கயிற்றின் முடிச்சைத் தொட்டேன். அங்கேயே நின்றேன். இரவும் பகலும் பக்கத்தில் இருக்கிறவள் நான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தவன் நிபந்தனை போடுகிறான், இவர் அதற்கும் தலையாட்டுகிறார் என்று நினைத்தேன். விசுவாசத்துக்காக நான் அதை விட்டுவைக்கவில்லை. பொறாமைதான். முடிச்சை அவிழ்க்காமல் கீழே வந்தேன்.

"எறக்கிட்டியாம்மா?"

"எறக்கிட்டேன்ப்பா."

அப்பாவால் பின்கட்டிலிருந்து தெருவைப் பார்க்க முடியாது. தம்பிக்குப் போன் மட்டும் போட்டேன். "அப்பாவுக்கு ரொம்ப முடியல. வரணும்னா வா" என்றேன். நட்சத்திரத்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்துக்கு வந்தான். முன்னறை ஜன்னலில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் அவனைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடையோரம் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். நிமிர்ந்து மாடியைப் பார்த்தான். நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. நான் ஜன்னல் துணிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அப்பா மேல் உயிர் இருந்தால் உள்ளே வரட்டுமே என்று சொல்லிக்கொண்டேன். அவன் ரோட்டைத் தாண்டி எங்கள் வாசல் பக்கம் நாலடி வந்தான். நின்றான். திரும்பிப் போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உள்ளே அப்பா, "வண்டிச் சத்தம் கேட்டுச்சே... தம்பியா?" என்றார்.

"இல்லப்பா. வேற யாரோ."

அவர் ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எறக்கியும்... வரலையா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. நட்சத்திரத்தைக் கோயில் பையன்கள் வந்து துக்க வீடென்று அவிழ்த்து வைத்தார்கள்.

அடக்கத்துக்குத் தம்பி வந்தான். பூசை முடியும் வரை கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றான். கல்லறையில் மண் போட்டான். கூட்டம் கலைந்தபோது என் பக்கத்தில் வந்து, "அப்பா என்னயக் கேட்டாராக்கா?" என்றான்.

"கேட்டாரு."

"நான் வந்தேன். அது எரிஞ்சுட்டு இருந்துச்சு. அதக்கூட எனக்காக எறக்கச் சொல்ல அவருக்கு மனசு வரல பாத்தியா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. நான் கல்லறை வாசலைப் பார்த்து நடந்தேன்.

பிள்ளை வரவில்லை என்று அப்பா போனார், அப்பா விட்டுக்கொடுக்கவில்லை என்று பிள்ளை இருந்தான். இரண்டும் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது, வரிசையில் நிற்கும்போது, திடீரென்று அந்த ஹெல்மெட் போட்ட முதுகு தெரியும். தவக்காலத்தில் கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அந்தச் சாமியார்தான். "மன்னிப்பு உண்டு. ஆனா அப்பா சொன்ன அந்த வார்த்த உங்க தம்பியோட சொத்து, உங்க கையில இருக்கு. கொண்டுபோய்க் கொடுத்துருங்க" என்றார்.

கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு ஆகஸ்டு வரை ஆனது. காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. பாலத்தின் மேல் பஸ் மெதுவாகப் போக, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தம்பி வீட்டில் அவன் மட்டும் இருந்தான். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிச்சைத் தொட்டதை, பொய் சொன்னதை, ஜன்னல் துணிக்குப் பின்னால் நின்றதை.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு" என்றான்.

"நட்சத்திரத்த எறக்கிடும்மா, அவன் வரட்டும்னாரு."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. குழந்தை இறந்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் தோளைத் தொடப் போனேன். "தொடாதக்கா" என்றான். கொஞ்சம் கழித்து, "நாலடி வந்தேன். நாலடி வந்துட்டு நின்னேன். அத நீ நிறுத்தல, நான்தான் நின்னேன்" என்றான். அதை எனக்குச் சொன்னானா தனக்குச் சொல்லிக்கொண்டானா தெரியாது. "நீ போக்கா. நானா கூப்பிடற வரைக்கும் வராத" என்றான்.

அவன் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் ஆனது. அவன் மனைவி மட்டும் எப்போதாவது போன் செய்து மகளுடைய படிப்பைப் பற்றிச் சொல்வாள். நான் பூசைக்குப் போகிறேன். கிறிஸ்மஸ் அன்றைக்கும் போகிறேன். சாமியார் லூக்காவின் அந்த ஆட்டிடையர் பகுதியை வாசிக்கும்போது எழுந்து நிற்கிறேன். மனதில் ஒன்றும் வருவதில்லை. வேதத்தில் அந்த நாள் இருக்கிறதா இல்லையா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு வாதாடத் தெம்பில்லை.

போன மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு நெருங்கிய உறவினர் கூட வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். படிவத்தில் தம்பியின் நம்பரை எழுதினேன். வேறு நம்பர் எனக்கு இல்லை. அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவான் என்று நான் நினைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு வராந்தாவில் வந்து நின்றான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.

"சாப்பிடலயே?"

"இல்ல. வெறும் வயித்துலதான் வரச் சொன்னாங்க."

பிறகு நானே கேட்டேன். "சபைக்கெல்லாம் போறியா?"

"போறதில்ல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"கோயிலுக்கு?"

"அதுக்கும் இல்ல."

"ஜெபம்?"

அவன் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "காலையில பைபிள தொறந்து வச்சுட்டு உக்காருவேன். முன்னெல்லாம் எதையாவது தேடிப் படிப்பேன். இப்ப ஒண்ணும் தேடறதில்ல" என்றான்.

நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்தேன். அவன் என் கையிலிருந்த பையையும், கழற்றி வைத்த வளையலையும், செருப்பையும் வாங்கித் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.