வயலினுக்கு மூச்சு வாங்காது

பிரான்சில் குடியிருந்த ஒருவர் மகள் கல்யாணத்தைக் காரைக்காலில் வைத்திருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பெண் மாதா கோவிலுக்குள் நடந்து வரும்போது, ஓபரா என்கிற பாட்டு நாடகம் ஒன்றில் திரை எழும் முன் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதியை எங்கள் பேண்டு வாசிக்க வேண்டும். ஒரு பெரும் கூட்டம் வாசிக்கிற இசை அது. நாங்களோ ஆறு பேர், ஆறும் பித்தளை ஊது வாத்தியம். என் வாய் சும்மா இருக்குமா? "செஞ்சிடலாங்க" என்றுவிட்டேன்.

அன்றிலிருந்து உட்காரப் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. கோட்டுச்சேரி பஸ்ஸில் கம்பியைத் தட்டிக்கொண்டே போவேன். இறங்கும் இடம் தாண்டியிருக்கும். வயலின்களின் மெட்டை அப்படியே என் டிரம்பெட்டுக்கு மாற்றினேன். செல்லோ என்கிற பெரிய வயலினின் நீண்ட அடிக்குரல், யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழலுக்கு. அங்கேதான் வினை. யூஃபோனியம் வாசிப்பவர் என் அக்கா வீட்டுக்காரர். நிமோனியாவில் படுத்து எழுந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்தக் கல்யாணத்துல பாத்துடுறேன் மாப்ள. முடியலன்னா வாத்தியத்த வச்சுப் பெட்டியை மூடிடுறேன், அதோட சரி" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போனது.

வயலினில் வில்லை இழுப்பவருக்கு மூச்சைப் பற்றி என்ன கவலை? ஊதுகிறவனுக்குக் காற்று வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தில் தாளில் ஒரு கால்புள்ளி போடுவோம். அவர் தாளில் போட்டுப் போட்டு அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. கடைசியில் அவர் பாகம் முழுவதையும் டிராம்போன்காரருக்கும் மெல்லியதாக வாசிக்க எழுதிவைத்தேன். ஒத்திகையில் கண்டுபிடித்துவிட்டார்.

"என் பாகத்த அவருக்கும் குடுத்திருக்கியா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் அத்தான்."

வாத்தியத்தைத் துடைத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. நாலு வரிக்கொரு தரம் நிறுத்தி அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒரு தடவைகூட முழுதாக வாசித்துப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று பெண் ஆற அமர நடந்து வந்தாள். பாதியில்தான் தெரிந்தது, எல்லோர் தாளிலும் கால்புள்ளி போட்ட நான் என் தாளில் ஒன்றுகூடப் போடவில்லை. மெட்டு மேலே ஏறும் இடத்தில் மூச்சு தீர்ந்தது, உதடு வழுக்கியது, டிரம்பெட் நின்றது.

இசை நிற்கவில்லை. அத்தான் தன் பாகத்தை விட்டுவிட்டு என் மெட்டைக் கீழ் ஸ்தாயியில் எடுத்திருந்தார். அவர் விட்ட அடிக்குரலை டிராம்போன் பிடித்துக்கொண்டது. பெண் பீடம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாப்பாட்டுப் பந்திக்கு முன் அத்தான் என் தாளை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு கால்புள்ளியாகப் போட்டார். அவருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"பெட்டியை மூடப் போறீங்களா அத்தான்?"

"மூடிட்டு? நீ நின்னுட்டா யாரு வாசிக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இன்னும் இரண்டு கால்புள்ளி போட்டுத் தாளைக் கொடுத்தார்.