கடைமடைப் படையின் பரீதா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கில்டு குரூப்பில் ஒரு குரல் பதிவு. முத்துப்பேட்டையிலிருந்து பரீதா அக்காவின் கணவர் ஹாஜா பாய் பேசியிருந்தார். "விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு அப்புறம் பரீதா போயிட்டாங்க. கஷ்டப்படல. தண்ணி கேட்டாங்க, குடிச்சாங்க, தூங்குற மாதிரியே போயிட்டாங்க. சாயங்காலம் அடக்கம். வர முடிஞ்சவங்க வாங்க. வர முடியாதவங்க இருக்கிற இடத்துலயே துஆ செய்ங்க."

இந்த மாதிரிக் கட்டுரைகளில், செய்தி கேட்டவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டதாக எழுதுவார்கள். எனக்கு முதலில் வாயில் வந்தது "அப்பாடா" என்ற சொல்தான். அழுகை அப்புறம், மன்னார்குடி தாண்டிப் பஸ்ஸில் வந்தது. நுரையீரல் நோயால் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தவள். அது முடிந்தது ஒரு நிம்மதி. அதைவிடப் பெரிய நிம்மதி, அவர் பயந்துகொண்டிருந்த ஒரு காரியம் அவர் கண் முன்னாலேயே சரியாகிவிட்டது. சரியாகாமல் அவர் போயிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரீதா அக்கா முத்துப்பேட்டையில் வளையலும் ரிப்பனும் விற்கும் சின்ன ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். கூடவே 'கடைமடைப் படை' என்ற கில்டுக்குத் தலைவராகவும் இருந்தார். கில்டு என்றால், கைப்பேசியில் ஆன்லைனாகக் கோட்டைச் சண்டை விளையாடுகிறவர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் கூட்டம். வாராவாரம் இன்னொரு கூட்டத்தின் கோட்டையைப் பிடிக்கப் போவோம். பெரும்பாலும் அடி வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

நடுத்தர வயதில் ஒரு கடைக்கார அம்மாள் ஏன் இதற்குள் வந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். ஹாஜா பாய் அப்போது துபாயில் இருந்தார். அங்கே இணையத்தில் கூப்பிட்டுப் பேசும் வசதி சரியாக வேலை செய்யாது. விளையாட்டுக்குள் இருக்கும் மைக் மட்டும் எப்படியோ வேலை செய்தது. அதனால் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வில்லை எடுத்துக்கொண்டு போர்க்களத்தில் சந்தித்துக் குடும்பம் நடத்தினார்கள். நான் முதன்முதலில் அவர்களோடு சேர்ந்து ஆடிய அன்று, மதில் இடிந்துகொண்டிருக்கிறது, சுற்றிலும் ஆட்கள் விழுகிறார்கள், அக்கா மைக்கில் கொடுவா மீன் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் அங்கேயே போய் நின்றேன்.

அப்படித்தான் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் வளைகுடாவில். குவைத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் இளங்கோ மைக்கைப் போட்டால், குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தங்கை ஸ்பீக்கரில் வைத்துவிடுவாள். அம்மா அடுப்படியிலிருந்தே மகன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படிப் பல வீடுகள். கோட்டை கிடைக்கிறதா என்பது எங்களில் பலருக்கு இரண்டாம் பட்சம்தான். நான் தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், விளையாட்டிலும் காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆள். ஆகவே எனக்கு அங்கே 'மருந்துக்கடை' என்றே பெயர். உள்ளே வந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "மருந்துக்கடை, சாப்பிட்டாச்சா?" எல்லோரையும் அப்படித்தான் கேட்பார். பதில் வரும்வரை விட மாட்டார்.

தலைமை என்று அவர் செய்தது இரண்டே காரியம். ஒன்று, கூட்டம் போட்டால் கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில். "தண்ணி தலைமடையிலேருந்து வரட்டும். பேச்சு கடைமடையிலேருந்து வரட்டும். பெரியாளு முதல்ல பேசிட்டா புதுசா வந்தவன் தலையத்தான் ஆட்டுவான்" என்பார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரர் சொன்னது அது. இன்னொன்று, கோபத்தைக் குரூப்பில் எழுதக் கூடாது. "எழுதுன கோபம் ஆறாது தம்பி. மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பீங்க. மைக்ல வாங்க, கத்துங்க, முடிஞ்சிடும்."

அவர் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் படுத்த வாரத்தில் இந்த இரண்டாவது சட்டம்தான் உடைந்தது.

எங்கள் சண்டைத் தளபதி சுரேஷ். குடவாசல் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுபவர். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மழை வரப் போகிறது என்று அறிவிப்பு வந்ததால் ஊரே சம்பாவை அறுக்கப் பறந்துகொண்டிருந்தது. சுரேஷ் மெஷின் மேல் நின்றபடியே கைப்பேசியில் எங்களுக்குக் கட்டளை கொடுத்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்து, நடுச் சண்டையில் சுத்தமாகப் போய்விட்டது. இளங்கோ யாரையும் கேட்காமல் கட்டளையைக் கையில் எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஜெயித்துவிட்டோம். முதல்முறையாக ஒரு பெரிய கோட்டை எங்கள் கைக்கு வந்தது. வாசல் கொடியில் விளையாட்டு தானாகவே இளங்கோவின் பெயரைப் போட்டுவிட்டது. தோற்றிருந்தால் எல்லோரும் சேர்ந்து புலம்பிவிட்டுத் தூங்கியிருப்போம்.

சுரேஷ் குரூப்பில் எழுதினார்: "வாழ்த்துகள் தளபதி. இனி என் தேவை இருக்காது." இளங்கோ எழுதினார்: "தேவைப்பட்ட நேரத்துலயும் நீங்க இல்லையே அண்ணே." அவ்வளவுதான். ஆள் ஆளுக்குக் கட்சி கட்டினார்கள். இரண்டு நாளில் இளங்கோ தனிக் குரூப் ஒன்று தொடங்கி வளைகுடாக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். பாதிப் பேர் போனால் எந்தப் பக்கமும் விளையாட ஆள் காணாது. விளையாட்டு போனால் போகட்டும், அந்த அடுப்படிகளில் யார் குரல் கேட்கும்? அக்கா தேறி வரும்போது கில்டே இருக்காதோ என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் என் கடை. அக்காவின் முகத்தை அந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். குரலை வைத்து ஆகிருதியான ஒரு பெண்மணியை மனத்தில் வைத்திருந்தேன். கட்டிலில் சின்னஞ்சிறு உருவமாக, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர்தான் முந்திக்கொண்டார்: "மருந்துக்கடையா? குரலைவிட ஒல்லியா இருக்கியேம்மா." ஊரோடு திரும்பி வந்திருந்த ஹாஜா பாய் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். குரூப்பில் எழுதியதை அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தவர், சண்டையைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று என்னை வாசலிலேயே எச்சரித்திருந்தார். நானும் விடவில்லை. ஆனால் அக்கா மைக்கை அணைத்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "நாலு நாளா எல்லாரும் ரொம்ப மரியாதையாப் பேசிக்கிறாங்களே. என்ன சண்டை?" என்றார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், இளங்கோவுக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கே, இருவரையும் மைக்குக்கு வரச் சொன்னார். கைப்பேசியை நான் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கு நீளமாகப் பேச மூச்சு இல்லை. "உங்க நியாயத்தைச் சொல்லாதீங்க. அடுத்தவங்க நியாயத்தைச் சொல்லுங்க. சுரேஷ் தம்பி, இளங்கோ பக்கத்தை நீங்க சொல்லுங்க" என்றார்.

சுரேஷ் முரண்டு பிடித்தார். அக்கா விடவில்லை, காத்திருந்தார். ஆக்சிஜன் போகும் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டிருக்கும். கடைசியில் சுரேஷ் மெல்ல ஆரம்பித்தார். இளங்கோ கூட இருக்கிற பையன்களுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு, துணி துவைத்துச் சமைத்து வைத்துவிட்டுச் சண்டைக்காகக் காத்திருப்பார்கள், தளபதி குரல் நின்றதும் அவர்களை அப்படியே அடி வாங்க விட முடியாது, கேட்கவும் நேரம் இல்லை என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது.

அடுத்து இளங்கோ. சுரேஷ் அண்ணன் மழைக்கு முன்னாடி அறுத்தாக வேண்டும், எங்கேயோ வயலில் மெஷின் மேல் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார், நாங்கள் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டோம் என்று நினைத்திருப்பார் என்றார்.

"எந்த வயல்ல?" என்று அக்கா கேட்டார்.

"தெரியாது அக்கா."

"தெரியாதா? அப்ப கேட்டுட்டுச் சொல்லுங்க."

இளங்கோ கேட்டார். சுரேஷ் பேச்சை மாற்றப் பார்த்தார். இரண்டாம் தடவை "அண்ணே" என்று கூப்பிட்டுக் கேட்டார். "உங்க வயல்லதாம்ப்பா. உங்கம்மா வந்து நின்னாங்க, மழையில சாஞ்சிடும்னாங்க. அதான் வரிசையில முன்னாடி இழுத்துக்கிட்டு அன்னைக்கே அறுத்துட்டேன்" என்றார் சுரேஷ்.

இளங்கோவுக்கு அறுப்பு முடிந்தது மட்டும்தான் தெரியும். மெஷின் ஓட்டியது யார் என்று அம்மா சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பிறகு இளங்கோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் எழுதுனதை அழிச்சிடுறேன் அண்ணே" என்றார். "நானும்தான்" என்றார் சுரேஷ். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைப்பேசியை நீட்டினேன். ஹாஜா பாய் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

இளங்கோவின் அம்மா போனில் அக்காவிடம் சந்தோஷமாகச் சொல்லியிருந்ததால் அக்காவுக்கு இது முன்பே தெரியும் என்று பிற்பாடுதான் அறிந்தேன். நீங்களே சொல்லியிருக்கலாமே, ஏன் இவ்வளவு மூச்சை வீணாக்கினீர்கள் என்று கோபித்துக்கொண்டேன். "நான் சொன்னா சுரேஷ் மட்டும் நல்லவராயிடுவாரு. இளங்கோ கேட்டு அவரு சொன்னா ரெண்டு பேருமே நல்லவங்கம்மா" என்றார்.

அன்றைக்கே தலைமையையும் இறக்கி வைத்தார். அதுவரை தளபதி இடத்துக்காக மோதிய இருவரும் இப்போது நீங்கள் இருங்கள், நீங்கள் இருங்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க அக்காவுக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது: "அறுப்புக் காலத்துல இளங்கோ, மத்த நாள்ல சுரேஷ்." தன்னை விலக்கிக்கொண்டு, புதிதாக வந்த ஆளைப் போலக் கடைசி இடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் போட்ட சட்டப்படி அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையதானது. "இத்தனை வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அந்த வடக்கு வாசல் வழியாப் போறதே தண்டம். ஒரு தடவையாவது உருப்பட்டிருக்கோமா?" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அவரை அவ்வளவு லேசாக நான் பார்த்ததில்லை. அதன் பிறகு ஊருக்குப் போனவர், இந்தச் செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். என்னை யார் என்று யாரும் கேட்கவில்லை. மருந்துக்கடை என்றதும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். குடவாசலிலிருந்து வந்திருந்த சுரேஷ், உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது தோள் கொடுத்து, அடக்கம் செய்யும் மையவாடிவரை நடந்தார். அன்று அக்காவின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வளையல்கள் அவர் தொங்கவிட்ட வரிசையிலேயே இருந்தன.

நேற்று வெள்ளிக்கிழமை. கூட்டம் கூடுமா என்று எனக்குச் சந்தேகம்தான். கூடியது. அறுப்பு இன்னும் முடியாததால் இளங்கோதான் தலைவர். பட்டியலில் கடைசியாக ஒரு புதுப் பெயர் சேர்ந்திருந்தது. ஊருக்குத் திரும்பியதும் விளையாட்டை விட்டுவிட்ட ஹாஜா பாய்தான் மறுபடி வந்திருந்தார். மனைவியோடு பேசுவதற்காகவே இதற்குள் வந்த மனிதர் இனி எங்கே பேசுவார் என்று நான் மனத்துக்குள் வைத்திருந்த கவலை அந்தப் பெயரைப் பார்த்ததும் இறங்கியது. இளங்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுசா வந்தவங்க முதல்ல பேசுங்க" என்றார்.

ஹாஜா பாய் மைக்கைப் போட்டார். கடையில் யாரோ பாசிமணி விலை கேட்பது கேட்டது. அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றார்.

முதலில் குவைத்திலிருந்து ஒரு பையன் சாப்பிட்டேன் பாய் என்றான். அடுத்து இன்னொருவன். சுரேஷ் வயலிலிருந்து சொன்னார். நான் சொன்னேன். எங்கோ ஒரு அடுப்படியிலிருந்து இளங்கோவின் அம்மாவும் சொன்னார். தலைவர் கடைசியாகச் சொன்னார்.

எல்லோரும் சாப்பிட்டாச்சு அக்கா. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.