மாட்னியில் நான் சொன்ன வார்த்தை

திருப்பதிக்குப் போய்ப் பேய்ப் படம் பார்க்க ஆசைப்பட்டது என் கணவரின் மகள். அவளைப் பெற்றவள் இறந்த பிறகு விஜயபுரத்துக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான். ஆறாவது படிக்கும் பெண், அதிகம் பேச மாட்டாள். என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அடுப்படியில் வந்து நின்று, "சின்னம்மா, நைனாகிட்ட நீ கேளேன். நான் கேட்டா கழனில வேல கீதுன்னு சொல்லும்," என்றாள். என்னைச் சின்னம்மா என்று அவள் கூப்பிட்டதும் அப்போதுதான்.

நான் கேட்டேன். அவரும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம்.

தெலுங்குப் படம். மனைவி இறந்துபோன ஒருவன் மறுபடி கட்டிக்கொள்கிறான். மூத்தவளின் பெண் குழந்தை புதியவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும். உடனே சாம்பாரில் பல்லி விழும், ஊஞ்சல் தானாக ஆடும். புதியவள் அலறி ஓடி மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாள். தியேட்டரே சிரித்தது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அவள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே கூசுவேன். இருட்டும் சிரிப்பும் சேர்ந்து எனக்கு எங்கிருந்தோ தைரியம் கொடுத்துவிட்டன. திரையில் அந்தக் குழந்தை கதவோரம் நின்று முறைத்தபோது, நடுவில் இருந்தவளின் தலைக்கு மேலே சாய்ந்து கணவரிடம், "நம்ப வூட்லயும் ஒண்ணு இப்டித்தான் மொறைச்சிகினு நிக்குது," என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பின்வரிசையில் இருந்த ஆள், "அக்கா, ராத்திரிக்கு தலுப்பு ஏஸ்கோண்டி," என்றார். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பேச்சுக்கு ஊரார் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இடைவேளையில் விளக்கு போட்டார்கள். கணவர் பாப்கார்ன் வாங்க எழுந்து போனார். அவள் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, பயமா கீதா?"

"இல்ல."

"நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்."

"நான் உன்ன மொறைக்கல," என்றாள். "உன் கழுத்துல அம்மாவப் பாத்துகினு இருந்தேன்."

எங்கள் பக்கத்தில் இரண்டாம் தாரமாகப் போகிறவள் தாலியோடு இன்னொரு சின்னத் தங்கப் பொட்டையும் கோத்துப் போட வேண்டும். அதுதான் இறந்துபோன மூத்தவள். அவளைக் கும்பிட்டு ஏற்றிக்கொள்ளாவிட்டால் வந்தவளை வாழவிட மாட்டாள் என்று பயம். நானும் பயந்துதான் போட்டுக்கொண்டேன். அந்தப் பொட்டுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சோறு போடக் குனிந்தால் அவள் பார்வை கழுத்துக்கு வரும். தலை சீவிவிட்டாலும் வரும். "கண்ணு வெக்குது, மூடிக்கடி," என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, சரட்டை ரவிக்கைக்குள் தள்ளி முந்தானையால் போர்த்திக்கொண்டேன். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டும் பார்த்தேன். நெடி ஏறவில்லை. அவள் கண்ணேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கணவர் பாப்கார்னோடு வந்தார். அவள் எழுந்து, "நைனா, நீ நடுவுல குந்து," என்றாள். பின்பாதியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸிலும் அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் சரட்டை வெளியே எடுத்துப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, வகிடு எடுக்க அவளை என் எதிரே உட்கார வைத்தேன். பொட்டு அவள் முகத்துக்கு நேராகத் தொங்கியது. பார்த்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம் வாரு. இஸ்கூலுக்கு நேரமாவுது," என்றாள்.

பின்னி முடிக்கும்வரை திறக்கவில்லை.